வெப்ப நாட்டு இருட்டறையும் உருத்துலக்கியும்

கறுப்பு-வெள்ளை பிலிமை வீட்டிலேயே உருத்துலக்கிப் பார்க்க விரும்பும் அன்பர் எந்த மேனாட்டுக் கைந்நூலைப் புரட்டினாலும், ஏறத்தாழ முதற் பக்கத்திலேயே ஒரு விதியைக் காண்பார். திரவங்கள் யாவும் 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. சில நூல்கள் அந்த எண்ணையும் குறிப்பிடாமல் ‘அறையின் வெப்பநிலை’ என்று சொல்லிச் சென்றுவிடுகின்றன. அச்சொற்றொடரைத் தமிழில் பெயர்ப்பது எளிது. அது குறிக்கும் அறையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருவது எளிதன்று. லண்டன் மாநகரத்து அறை வேறு, சித்திரை மாதத்து மதுரையின் அறை வேறு. முன்னதில் 20 டிகிரி என்பது இயல்பான நிலை. பின்னதில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டி நிற்கும்.

இந்தப் பத்து டிகிரி வேற்றுமையைப் பொருட்படுத்தாமல் நூலிற் கண்ட நிமிடக் கணக்கை அப்படியே பின்பற்றுவோர் பலர். விளைவு, மிகையாகக் கறுத்து, மணல் தூவியது போன்ற பரலுடன் கூடிய நெகடிவ். சில வேளைகளில் பிலிமின் மேற்பூச்சே சுருங்கி வெடித்த நிலை. ஒரு பிலிம் சுருளில் பதிந்த காட்சிக்கு மறு வாய்ப்பு இல்லை. தாத்தாவின் எண்பதாம் ஆண்டு நிறைவு விழாவை மீண்டும் நடத்திப் படம் பிடிக்க முடியாது.

பிலிமின் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உதகமண்டலத்தில் 1960ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனம், பிரான்ஸ் நாட்டு பௌஷே நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1967 முதல் பிலிமும் அச்சுத்தாளும் உற்பத்தி செய்தது. சந்திரனைக் குறிக்கும் ‘இந்து’ என்ற பெயருடன் அவை நாடெங்கும் விற்பனையாயின. 1990களில் நலிவுற்ற அத்தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. ஆகவே இன்றைய அன்பர் கையிலுள்ள சுருள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த, விலை மிகுந்த சுருள். அதை வீணாக்காமல் காப்பது எதனாலெனில், நம் தட்பவெப்பத்திற்கு ஏற்ற உருத்துலக்கியைத் தேர்ந்து, அதை நம் தண்ணீருக்கேற்பக் கலந்துகொள்வதனால்தான்.

முதலில் உருத்துலக்கி செய்யும் வேலை யாதென்று பார்ப்போம். பிலிமின் மேற்பூச்சு என்பது ஜெலாட்டின் என்ற பிசினுள் வெள்ளி புரோமைடு முதலிய உப்புகளின் நுண்படிகங்கள் சிதறிக் கிடக்கும் ஒரு மெல்லிய படலம். ஒளி பட்ட படிகங்களில் ஒரு சில வெள்ளி அணுக்கள் மட்டும் விடுபட்டு நிற்கும். இதுவே கண்ணுக்குப் புலப்படாத மறை பிம்பம். உருத்துலக்கி இப்படிகங்களுக்கு எலெக்ட்ரான்களை அளித்து, ஒளி பட்ட படிகம் முழுவதையும் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி படாதவற்றை விட்டுவிடுகிறது. போதிய நேரமும் வெப்பமும் கிடைத்தால் ஒளி படாதவற்றையும் அது மாற்றத் தொடங்கும். அதனால் ஏற்படும் சாம்பல் நிறப் படிவையே மூடுபனி என்கிறார்கள். எனவே உருத்துலக்குதல் என்பது தக்க தருணத்தில் நிறுத்தப்பட வேண்டிய ஒரு ரசாயன ஓட்டம். வெப்பநிலை ஏற ஏற இவ்வோட்டம் விரைகிறது.

பிலிம் உற்பத்தியாளர்கள் தரும் அட்டவணைகளைக் கூர்ந்து நோக்கினால் ஒரு சுருக்கமான விதி கிடைக்கும். 20 டிகிரியில் 4 நிமிடம் வேண்டியது, 23 டிகிரியில் 3 நிமிடத்தில் முடிந்துவிடும். அதாவது ஒவ்வொரு மூன்று டிகிரி ஏற்றத்திற்கும் நேரம் நாலில் மூன்று பங்காகக் குறைகிறது. இக்கணக்கின்படி 30 டிகிரியில் நேரம் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கே. 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்று குறித்திருந்தால், 30 டிகிரியில் மூன்று நிமிடம்கூடத் தேவைப்படாது. அங்கேதான் இடர்ப்பாடு. ஐந்து நிமிடத்திற்குக் குறைவான நேரத்தில் உருத்துலக்கினால் திரவத்தை ஊற்றவும் வடிக்கவும் ஆகும் சில வினாடிகளே பெரும் பங்காகிவிடும். படத்தின் ஒரு பகுதி வெளுத்தும் மறு பகுதி கறுத்தும் காணும். வானம் நிறைந்த படங்களில் இக்குறை உடனே கண்ணிற்படும்.

வெப்பத்தால் விளையும் இரண்டாவது தொல்லை ஜெலாட்டினைப் பற்றியது. சூடான, காரத்தன்மை மிகுந்த திரவத்தில் ஜெலாட்டின் அளவுக்கு மீறி உப்பி இளகும். பிறகு அதைத் திடீரெனக் குளிர்ந்த நீரிலோ கடும் அமிலத்திலோ இட்டால், வறண்ட ஏரிப் படுகையைப் போன்று வலைப்பின்னலாகச் சுருங்கும். இக்கால பிலிம்கள் தயாரிப்பின்போதே கடினமாக்கப்படுவதால் முன்பு போல் எளிதில் இளகுவதில்லை. ஆயினும் எல்லாத் திரவங்களையும், கழுவும் நீர் உட்பட, ஒரே வெப்பநிலையில் வைத்திருப்பது இன்றும் தவிர்க்க முடியாத ஒழுங்கு. நம் நாட்டில் இது ஒரு வகையில் எளிதும்கூட: எல்லாமே ஒரே சூட்டில்தான் இருக்கின்றன!

இனி, திரவத்தினுள் என்னென்ன இருக்கின்றன? பெரும்பாலான உருத்துலக்கிகளில் நான்கு உறுப்புகள் உண்டு. எலெக்ட்ரானை அளிக்கும் ஒடுக்கி முதலாவது. அதை ஊக்கும் காரப்பொருள் அடுத்தது. காற்றிலுள்ள பிராணவாயு ஒடுக்கியைக் கெடுக்காமல் காக்கும் சோடியம் சல்பைட்டு மூன்றாவது. மூடுபனியைத் தடுக்கும் பொட்டாசியம் புரோமைடு சிலவற்றில் மட்டும் சேர்க்கப்படும் நான்காவது. ஒடுக்கிகளின் வரலாறு சுவையானது. 1840களில் இங்கிலாந்தில் டால்பட் என்பார் காகித நெகடிவை உருத்துலக்கக் காலிக் அமிலத்தைப் பயன்படுத்தினார். நாட்டு மருந்துக் கடைகளில் நாம் வாங்கும் மாசிக்காயிலிருந்து பெறக்கூடிய அமிலமே அது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரையிலும் தஞ்சையிலும் கோயில்களைப் படமெடுத்தபோது கையாண்டதும் காகித நெகடிவ் முறையே. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டு வரிசையை அவர் பல காகித நெகடிவ்களாக எடுத்து ஒரே நீண்ட படமாக இணைத்தார். மின்விசிறியும் பனிக்கட்டிப் பெட்டியும் இல்லாத காலத்தில், நம் வெயிலில் அது எத்தகைய உழைப்பு என்பதை இருட்டறையில் வியர்த்து நின்றவர்கள் அறிவார்கள். பின்னர் 1880இல் ஹைட்ரோகுவினோனும், 1891இல் மெட்டோலும் வந்தன. இன்றளவும் வீட்டு இருட்டறையின் அடிப்படைச் சரக்குகள் இவ்விரண்டுமே.

இவற்றைக் கொண்டு செய்யும் கலவைகளுள் உலகப் புகழ் பெற்றது ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் 1920களில் உருவான டி-76. இது சினிமாப் படிகளை எடுப்பதற்கென ஏற்பட்டது. பிறகு எல்லோருக்கும் பொதுவானது. இல்ஃபோர்டு நிறுவனத்தின் ஐ.டி.-11 என்பதும் இதே கலவையே. ஒரு லிட்டருக்கு மெட்டோல் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட்டு 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம் என்பது அதன் அளவு. 1944இல் வெளியான டி-23 இன்னும் எளியது. மெட்டோல் ஏழரை கிராம், நீரற்ற சோடியம் சல்பைட்டு 100 கிராம், அவ்வளவே. தனியாகக் காரப்பொருள் ஒன்றும் இல்லை. சல்பைட்டின் இலேசான காரமே போதும். வீட்டில் கலந்துகொள்பவருக்கு நான் முதலாவதாகப் பரிந்துரைப்பது இந்த டி-23தான். அதற்குக் காரணங்கள் உண்டு. இரண்டே சரக்குகளாதலால் பிழை நேர இடம் குறைவு. காரம் குறைவாதலால் வெப்பத்திலும் ஜெலாட்டின் மிகுதியாக உப்புவதில்லை. வேலையும் நிதானமாக நடக்கிறது. நம் வெப்பத்தில் அந்நிதானம் பெரும் துணை. டி-76இலோ வேறொரு சிக்கல் இருக்கிறது. சல்பைட்டும் ஹைட்ரோகுவினோனும் நாளடைவில் வினைபுரிவதால் பாட்டிலில் இருக்கும்போதே திரவத்தின் காரம் சிறிது சிறிதாக ஏறி, அதன் வேகமும் கூடிவிடுகிறது. சென்ற மாதம் சரியாக வந்த நேரம் இம்மாதம் பொருந்தாமற் போவதுண்டு.

கலக்கும் முறையில் வரிசை முக்கியமானது. எவர்சில்வர், கண்ணாடி அல்லது நல்ல பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. செம்பு, பித்தளை, அலுமினியம் கூடாது. செம்பின் சிறு சுவடும் திரவத்தை விரைவில் கெடுத்து மூடுபனியை உண்டாக்கும். கொதிக்க வைத்து ஆறிய அல்லது வாலை வடித்த நீர் 750 மில்லி லிட்டரைச் சுமார் 50 டிகிரியில் எடுத்துக்கொள்ளவும். முதலில் சல்பைட்டில் ஒரு சிட்டிகை மட்டும் இட்டு, அடுத்து மெட்டோலை முழுதும் கரைக்க வேண்டும். சல்பைட்டு முழுவதையும் முதலிலேயே கொட்டிவிட்டால் அச்செறிந்த கரைசலில் மெட்டோல் கரையாது, வெண்துகள்களாக மிதக்கும். சிட்டிகைச் சல்பைட்டும் இல்லாவிடில் மெட்டோல் காற்றுப் பட்டுப் பழுப்பேறும். மெட்டோல் கரைந்த பின் எஞ்சிய சல்பைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கியவாறு சேர்க்கவும். டி-76 ஆனால் அதன்பின் ஹைட்ரோகுவினோன், இறுதியில் வெங்காரம். பிறகு குளிர்ந்த நீர் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்கி, பழுப்பு நிறப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டவும். ஒரு நாள் கழித்துப் பயன்படுத்தலாம்.

கடையில் கிடைக்கும் சோடியம் சல்பைட்டு படிகமாக இருந்தால் 100 கிராமுக்குப் பதில் 200 கிராம் வேண்டும். படிகத்தின் எடையில் பாதி தண்ணீரே. இரண்டு கிராம் எடையைச் சமையலறைத் தராசில் நிறுக்க முடியாது. பொற்கொல்லர் தராசோ, இப்பொழுது மலிவாகக் கிடைக்கும் சிறு மின்னணுத் தராசோ தேவை. மெட்டோல் சிலருக்குக் கைகளில் கடும் தோல் அழற்சியை உண்டாக்கும். ஒரு முறை வந்தவர்க்குப் பிறகு சிறிது பட்டாலும் திரும்ப வரும். ஆதலால் ரப்பர் கையுறை அணிந்தே கலக்க வேண்டும். இப்பொருள்களைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதும், இருட்டறைப் பாத்திரம் மீண்டும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதும் சொல்லாமலே விளங்கும்.

இப்பொழுது நேரத்தின் சிக்கலுக்கு வருவோம். திரவத்தைக் குளிர வைப்பது ஒரு வழி. நீர்க்கச் செய்வது மற்றொரு வழி. பின்னதுதான் பலருக்கும் தோன்றுவதில்லை. எச்.பி.5 பிளஸ் என்ற பிலிமை எடுத்துக்கொள்வோம். ஐ.டி.-11 மூலக்கரைசலில் 20 டிகிரியில் அதற்கு உற்பத்தியாளர் குறிக்கும் நேரம் ஏழரை நிமிடம். கரைசல் ஒரு பங்குக்கு நீர் ஒரு பங்கு சேர்த்தால் 13 நிமிடம். நீர் மூன்று பங்கு சேர்த்தால் 20 நிமிடம். குளிர் நாட்டார்க்கு 20 நிமிடம் சலிப்பூட்டும் நீட்சியாகத் தோன்றலாம். நமக்கோ அதுவே கைகொடுக்கிறது. மேலே கண்ட நாலில் மூன்று பங்கு விதியைப் பயன்படுத்தினால், 30 டிகிரியில் மூலக்கரைசலுக்கு மூன்று நிமிடத்திற்கும் குறைவு, ஒன்றுக்கு ஒன்று கலவைக்கு ஐந்து நிமிடம், ஒன்றுக்கு மூன்று கலவைக்கு ஏழே முக்கால் நிமிடம் என்று கிடைக்கும். மூன்றாவது நேரம் நிம்மதியாக வேலை செய்யத்தக்கது. 27 டிகிரியாயின் அதே கலவைக்குப் பத்து நிமிடம் ஆகும். இவை கணக்கிட்டுப் பெற்ற தொடக்க அளவுகள். முக்கியமல்லாத ஒரு சுருளில் சோதித்துத் தம் கருவிக்கும் தண்ணீருக்கும் ஏற்பத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஒரு லிட்டர் மூலக்கரைசல் சுமார் பத்துச் சுருள்களுக்கே போதுமானது. ஆகவே எவ்வளவு நீர்க்கச் செய்தாலும் ஒரு சுருளுக்கு 100 மில்லி லிட்டர் மூலக்கரைசலேனும் தொட்டியினுள் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மூன்று கலவையில் அது 400 மில்லி லிட்டர் ஆகிறது. 300 மில்லி லிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு தொட்டியில் இம்முறையைக் கையாண்டால் உருத்துலக்கி பாதியில் களைத்துவிடும். நீர்த்த திரவத்தை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தலாகாது.

வெப்ப நாடுகளுக்கென வேறொரு பழைய உபாயமும் உண்டு. உருத்துலக்கியில் லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை நீரற்ற சோடியம் சல்பேட்டைச் சேர்த்தால் ஜெலாட்டின் உப்புவது குறையும். இது சல்பேட்டு, சல்பைட்டு அன்று. ஓரெழுத்து மாறினால் திரவமே வேறாகிவிடும் என்பதால் கடைக்காரரிடம் எழுதிக் காட்டி வாங்குவது நலம். இதைச் சேர்க்கும்போது உருத்துலக்கும் வேகம் குறைவதால் நேரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும்.

குளிர வைக்கும் வழியைப் பொறுத்தவரை, நம் வீட்டு மண்பானையை மறந்துவிடக் கூடாது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்று வறண்டிருந்தால் பல டிகிரி வேற்றுமை கிடைக்கும். மாசி, பங்குனியில் கோயம்புத்தூரிலும் மைசூரிலும் இது நன்கு பயன்படும். கடற்காற்றில் ஈரம் மிகுந்த சென்னையில் பலன் குறைவு. அங்கே பனிக்கட்டியே துணை. பனிக்கட்டியை உருத்துலக்கியினுள் போடலாகாது; பாட்டிலைச் சுற்றியுள்ள வாளி நீரிலேயே போட வேண்டும். 20 டிகிரிக்கு இழுத்து வருவதைவிட 24 டிகிரியில் நிலையாக நிறுத்துவது எளிது, போதுமானதும் ஆகும். கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 760 மீட்டர் உயரத்திலிருக்கும் மைசூரில் மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் இவ்வுபாயம் ஒன்றும் தேவைப்படாது. உதகையிலோ நிலைமை தலைகீழ். அங்குக் குளிர்காலத் தண்ணீரில் ஹைட்ரோகுவினோன் ஏறத்தாழ உறங்கிவிடுமாதலால் திரவத்தைச் சூடேற்ற வேண்டும்!

மைசூரைப் பற்றிப் பேசுகையில், கறுப்பு-வெள்ளைப் படங்களால் சாதாரண மக்களின் வாழ்க்கையை உலகறியச் செய்த டி. எஸ். சத்யன் 1923இல் அங்குப் பிறந்தவர் என்பது நினைவுக்கு வரும். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2009இல் மறைந்தார். அவருடைய தலைமுறையினருக்கு நகரத்துக் கடையில் பொட்டலமாகவே உருத்துலக்கி கிடைத்தது. இன்று அத்தகைய கடைகள் அருகிவிட்டன. மைசூர்ப் பக்கத்து ராமாபுரம் போன்ற ஊர்ப்புறத்தில் இருக்கும் அன்பர் மெட்டோல் தேடி நகரங்களுக்கு எழுத வேண்டியவராகிறார். ஆனால் அவர் ஊர் மளிகைக் கடையிலேயே ஓர் உருத்துலக்கி இருக்கிறது: காப்பித்தூள்.

இது விளையாட்டன்று. 1995இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் அவர் மாணவர்களும் உடனடிக் காப்பித்தூளையும் சலவைச் சோடாவையும் கொண்டு பிலிமை உருத்துலக்கிக் காட்டினர். காப்பியிலுள்ள காஃபீக் அமிலமும் அதன் இனப்பொருள்களும் ஒடுக்கியாகச் செயற்படுகின்றன. உறக்கத்தைக் கெடுக்கும் காஃபீன் என்ற பொருளுக்கு இதில் பங்கில்லை. பெயர் ஒற்றுமையால் மயங்க வேண்டா. காஃபீக் அமிலத்தின் மூலக்கூறு அமைப்பை நோக்கினால் அது மாசிக்காய் அமிலத்தின் உறவென்பது புலனாகும். ட்ரைப் காலத்துச் சரக்கு வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது எனலாம். பிற்காலத்தார் இதனுடன் வைட்டமின் சி ஆகிய அஸ்கார்பிக் அமிலத்தையும் சேர்த்து வேகத்தைக் கூட்டினர்.

இப்பொழுது வழங்கும் அளவு ஒரு லிட்டருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், உடனடிக் காப்பித்தூள் 40 கிராம். 20 டிகிரியில் 15 நிமிடம். இதே வரிசையில், ஒன்று முழுதும் கரைந்த பின் அடுத்தது. பளிங்கு போன்ற படிகச் சோடாவாயின் 54க்குப் பதில் 146 கிராம் வேண்டும். ஆப்பச் சோடாவைச் சலவைச் சோடா என்று எண்ணிச் சேர்த்துவிடக் கூடாது. அதன் காரம் போதாது. வைட்டமின் சி சேர்க்கும்போது சோடாப் புட்டி திறந்தது போல் பொங்கினால் தவறான சோடாவே கைக்கு வந்திருக்கிறது என்று அறிக. மாத்திரை வடிவிலுள்ள வைட்டமினில் சர்க்கரையும் நிறமும் கலந்திருக்கும், தூளே தக்கது.

காப்பியின் தேர்விலும் சிறிது கவனம் தேவை. நம் நாட்டு உடனடித் தூள்கள் பலவற்றில் சிக்கரி கலந்திருப்பது உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். சிக்கரியின் விகிதம் பெயருக்குப் பெயர் மாறுவதால் கலவையின் வலிமையும் மாறும். கலப்பற்ற தூளை ஒரே பெயரில் தொடர்ந்து வாங்குவது நல்லது. மணத்திற்குப் பெயர் பெற்ற அராபிகாவைவிட, விலை குறைந்த ரோபஸ்டாவில் தேவையான அமிலங்கள் மிகுதி. மலிவான தூளே இங்குச் சிறந்தது. நாட்டின் காப்பி விளைச்சலில் பெரும் பகுதி கர்நாடகத்தினுடையது. குடகும் சிக்மகளூரும் மைசூருக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. பில்டர் காப்பியின் டிகாக்ஷனை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டா. இன்றைய டிகாக்ஷனும் நாளைய டிகாக்ஷனும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை ஒவ்வொரு வீட்டிலும் அறிவார்கள்.

இக்கலவையிடம் குறைகளும் உள. முதலாவது நாற்றம். காப்பியின் நறுமணம் சோடா பட்டவுடன் மறைந்து, வீட்டார் ஆட்சேபிக்கத்தக்க ஒரு வாடை எழும். பிலிமில் இலேசான பழுப்புச் சாயம் படியும். கலந்த ஒரு மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். நுரை அடங்கப் பத்து நிமிடம் விட்டால் போதும். நம்மைப் பொறுத்தவரை பெருங்குறை வேறொன்று. இது சோடாவின் காரத்தில் இயங்குவதால் டி-23ஐக் காட்டிலும் ஜெலாட்டினை மிகுதியாக உப்பச் செய்யும். வெப்பத்தில் மூடுபனியும் கூடும். எனவே 30 டிகிரியில் இதை நம்பி மணவிழாச் சுருளை ஒப்படைக்க நான் துணியேன். 24 டிகிரிக்குள் நிறுத்தக்கூடிய இடத்திலும் காலத்திலும் இது நல்ல தோழன். லிட்டருக்கு ஒரு கிராம் பொட்டாசியம் புரோமைடு சேர்த்தால் மூடுபனி தணியும்.

சோடா கலந்த எந்த உருத்துலக்கிக்குப் பின்னும் கடும் அமிலத்தில் பிலிமை நிறுத்தலாகாது. பூச்சினுள் கரியமிலவாயுக் குமிழிகள் தோன்றி ஊசித்துளைகளை விட்டுச் செல்லக்கூடும். அதே வெப்பநிலையிலுள்ள நீரில் இரண்டு மூன்று முறை அலசினால் போதும். பின்னர் ஹைப்போ. காப்பியால் உருத்துலக்கலாமே தவிர, படத்தை நிலைப்படுத்த அதனால் ஆகாது. லிட்டருக்கு 250 கிராம் ஹைப்போப் படிகம் கரைத்த நீரில், பால் போன்ற வெண்மை மறைவதற்கு ஆகும் நேரத்தைப் போல் இருமடங்கு நேரம் பிலிமை வைத்திருக்க வேண்டும். பயன்படுத்திய ஹைப்போவில் கரைந்த வெள்ளி இருப்பதால் அதைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்டக் கூடாது.

எந்த உருத்துலக்கியானாலும், சுருளைத் தொட்டியில் இடுமுன் ஒரு சிறு சோதனை செய்யலாம். பிலிமின் நுனியில் கத்தரித்து எறியும் துண்டொன்றை வெளிச்சத்திலேயே எடுத்து, அதன்மேல் ஒரு துளி திரவத்தை விடவும். சிறிது நேரத்தில் அவ்விடம் கறுக்கத் தொடங்கினால் திரவம் உயிருடன் இருக்கிறது. நீண்ட நேரம் காத்திருந்தும் வெளிறியே இருந்தால், பாட்டிலைக் காலி செய்துவிட்டுப் புதிதாகக் கலக்கவும்.